வேலிக்கு எத்தனை கால் வேண்டும்? காலை விடுங்கள், இடைவெளியை எண்ணுங்கள்

கேள்வி இதுதான்: நிலம் 250 அடி நீளம், 180 அடி அகலம். சுற்றிலும் 10 அடிக்கு ஒரு கால் நட்டுக் கம்பிவேலி போட வேண்டும். வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டதில் ஒருவருக்கு 86, ஒருவருக்கு 87, இன்னொருவருக்கு 90 வந்திருக்கிறது. எது சரி?

86 சரி. ஆனால் மற்ற இரண்டு பேரும் கணக்குத் தெரியாமல் தப்பு செய்யவில்லை. இருவருமே ஒரு சரியான விதியைப் பொருந்தாத இடத்தில் போட்டுவிட்டார்கள்.

87 சொன்னவர், நிலத்தின் சுற்றளவு 860 அடி, அதைப் பத்தால் வகுத்தால் 86, அதோடு ஒன்று கூட்ட வேண்டும் என்று எண்ணியிருப்பார். சாலையோரம் மரம் நடும் கணக்கைப் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 90 சொன்னவர் பக்கம் பக்கமாகப் போயிருப்பார்: 250 அடிப் பக்கத்துக்கு 26 கால், 180 அடிப் பக்கத்துக்கு 19 கால், இரண்டையும் இரட்டித்தால் 90. பக்கம் ஒன்றுக்கு அவர் போட்ட கணக்கில் குறையே இல்லை. ஆனால் ஒவ்வொரு மூலைக்காலும் இரண்டு பக்கங்களுக்குப் பொது. நான்கு மூலைகளையும் அவர் இரண்டிரண்டு தடவை எண்ணிவிட்டார். 90இல் அந்த நான்கைக் கழித்தால் 86 வந்துவிடும்.

இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், நம் கையில் இருப்பது தூரம், வேண்டியது கால். தூரத்தை வகுத்தால் கிடைப்பது கால் அல்ல, இடைவெளி. கையை விரித்துப் பாருங்கள்: விரல் ஐந்து, நடுவில் உள்ள சந்து நான்கு. ஒரு நேர்க்கோட்டில் கால் எப்போதும் இடைவெளியைவிட ஒன்று கூடுதல். அதே ஐந்து பேர் வட்டமாகக் கைகோத்து நின்றால், கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கும் நடுவே ஒரு சந்து புதிதாக வந்துவிடும். ஆளும் ஐந்து, சந்தும் ஐந்து. நிலத்தைச் சுற்றி வரும் வேலி இந்த இரண்டாவது வகை. தொடங்கிய காலிலேயே வந்து முடிவதால் ஒன்று கூட்டும் வேலை அங்கே இல்லை. நிலம் சதுரமோ, முக்கோணமோ, கோணல்மாணலான ஏழு பக்கமோ, மூடிய வேலியில் எத்தனை இடைவெளியோ அத்தனை கால்.

வட்டமும் அப்படித்தான். 70 அடி விட்டமுள்ள குட்டையைச் சுற்றி வேலி போட்டால் சுற்றளவு சுமார் 220 அடி, பத்தடிக்கு ஒன்று என்றால் 22 கால். வளைவாக அளந்த பத்தடிக்கும் கம்பி நேராக இழுபடும் தூரத்துக்கும் வித்தியாசம் உண்டே என்று யாராவது கேட்கலாம். உண்டு, அரை அங்குலத்துக்கும் குறைவு. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

கணிப்பொறி நிரல் எழுதுபவர்கள், எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ போகும் இந்தத் தவறுக்கு 'ஃபென்ஸ்போஸ்ட் எரர்', அதாவது வேலிக்கால் பிழை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய தவறுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கோயிலின் பக்கவாட்டு நீளம் முன்பக்கத்தைப் போல இரண்டு மடங்காக வேண்டும் என்றால் தூண்களை இரட்டிக்கக் கூடாது, தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைத்தான் இரட்டிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். முன்னால் 6 தூண் என்றால் இடைவெளி 5, பக்கவாட்டில் இடைவெளி 10, ஆகவே தூண் 11. தூணை இரட்டித்துப் 12 வைத்தவர்களின் கோயில் ஓர் இடைவெளி நீண்டுவிட்டது.

சரி, 250க்கு 180 என்பது பத்தால் கச்சிதமாக வகுபடும் நிலம். நிஜ நிலம் அப்படி அமைவது அபூர்வம், சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. 247 அடி நீளம், 183 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் சுற்றளவும் அதே 860 அடிதான். அப்படியென்றால் 86 கால் போதுமா? போதாது. 88 வேண்டும்.

நான் முதன்முதலில் வேலி போட்டபோது இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். சுற்றளவை வகுத்துக் கால்களை வாங்கி இறக்கிவிட்டு, ஒரு மூலையில் தொடங்கிப் பத்துப் பத்து அடியாகக் குழி போட்டுக்கொண்டே போனேன். இந்த அளவுகளிலேயே சொன்னால், 240 அடியில் ஒரு கால் வரும், மூலைக்கு இன்னும் 7 அடி இருக்கும். அடுத்த பத்தடி மூலையைத் தாண்டி, அடுத்த பக்கத்தில் 3 அடி தள்ளி விழும். காகிதத்தில் சுற்றளவு சுற்றளவுதான். ஆனால் மூலையில் கால் இல்லாமல் கம்பி எப்படித் திரும்பும்? குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், மூலை நிலம் வேலிக்கு வெளியே நிற்கும். மூலைக்குத் தனியாக ஒரு கால் வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னொரு மூலையிலும் இதே கதை நடந்ததால் பாதி வேலையில் மறுபடி வண்டி பிடித்துப் போக வேண்டியதாயிற்று.

ஆகவே முழுச் சுற்றளவை ஒருபோதும் வகுக்காதீர்கள். மூலைக்கு மூலை, பக்கம் பக்கமாக வகுங்கள். 247ஐப் பத்தால் வகுத்தால் 24.7, அதை மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 25 இடைவெளி. 183ஐ வகுத்தால் 18.3, மேல்நோக்கி 19 இடைவெளி. 25, 19, 25, 19, மொத்தம் 88 இடைவெளி. மூடிய வேலி, எனவே 88 கால்.

இப்போது 25 இடைவெளியும் பத்தடி இருக்காது, இருக்கவும் வேண்டாம். 247ஐ 25ஆல் வகுத்தால் 9.88 அடி, அதாவது 9 அடி பத்தரை அங்குலத்துக்குச் சற்று மேல். சிறிய பக்கத்தில் 183ஐ 19ஆல் வகுத்தால் 9 அடி ஏழரை அங்குலம். இரண்டு பக்கங்களுக்கும் நடுவே மூன்று அங்குல வித்தியாசம். நட்டு முடித்த பிறகு அதைக் கண்ணால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஆனால் எல்லாவற்றையும் பத்தடியில் நட்டுக் கடைசி இடைவெளியை மட்டும் மூன்றடியாக விட்டால், தெருவில் போகிற குழந்தைகூடக் கேட்கும். மேல்நோக்கி ஏன் முழுமையாக்குகிறோம் என்றால், பத்தடி என்பது 'இதற்கு மேல் போகக் கூடாது' என்கிற வரம்பு. 18.3ஐ 18 ஆக்கினால் இடைவெளி 10 அடி 2 அங்குலம் ஆகிவிடும். இரண்டு அங்குலம்தானே என்று நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், அது உங்கள் விருப்பம். கம்பிவேலியில் நான் விட்டுக்கொடுப்பேன், ஆயத்தச் சட்டங்களை மாட்டும் வேலியில் முடியாது.

பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி கேட்பார்கள்: எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடைவெளி வேண்டும், மூலைகளில் கால் வேண்டும், மிகக் குறைந்த எண்ணிக்கை எவ்வளவு? அதற்கு மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டு அளவையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் வேண்டும். 250ஐ 180ஆல் வகுத்தால் மீதி 70. 180ஐ 70ஆல் வகுத்தால் மீதி 40. 70ஐ 40ஆல் வகுத்தால் 30, 40ஐ 30ஆல் வகுத்தால் 10, 30ஐப் 10ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆக மீப்பெரு பொது வகுத்தி 10, கால் 86. யூக்ளிட் காலத்து வழி, இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமாக ஒன்றும் இல்லை. அளவில் தசமம் வந்தால் எல்லாவற்றையும் அங்குலமாகவோ சென்டிமீட்டராகவோ மாற்றிக்கொண்டு இதையே செய்யுங்கள். ஆனால் 247க்கும் 183க்கும் பொது வகுத்தி 1தான். அடிக்கு ஒரு கால் நட்டு யாரும் வேலி போட மாட்டார்கள். அதனால்தான் வயலில் இந்த வழியைவிட மேலே சொன்ன மேல்நோக்கி முழுமையாக்கும் வழியே உதவும். எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி என்பது அழகுக்கான நிபந்தனை. ஒரு பக்கத்துக்குள் ஒரே இடைவெளி இருந்தாலே போதும்.

அடுத்து கேட். "கேட் இருக்கும் இடத்தில் வேலி இல்லையே, அதைக் கழித்துவிடலாமா?" என்று கேட்பார்கள். கம்பியின் நீளத்தில் கழியுங்கள், கால் கணக்கில் கழிக்காதீர்கள். கேட்டும் ஓர் இடைவெளிதான், கொஞ்சம் அகலமான இடைவெளி. அதன் இரு பக்கமும் கால் வேண்டும். 247 அடிப் பக்கத்தில், ஒரு மூலையிலிருந்து 100 அடி தள்ளி 12 அடி கேட் வைத்தால் அந்தப் பக்கம் மூன்று துண்டாகிறது: 100 அடி, 12 அடி, 135 அடி. முதல் துண்டில் 10 இடைவெளி, கேட் ஒன்று, கடைசித் துண்டில் 14. மொத்தம் 25, முன்பு இருந்த அதே எண்ணிக்கை. கேட்டைக் கொஞ்சம் நகர்த்தி மூலையிலிருந்து 83 அடியில் வைத்துப் பாருங்கள். 83 அடிக்கு 9, கேட் ஒன்று, மீதி 152 அடிக்கு 16, ஆக 26. இடம் மாறியதற்கே ஒரு கால் கூடிவிட்டது. கேட் எங்கே என்று முடிவு செய்யாமல் கால் கணக்குப் போடுவது வீண்.

நிலத்தின் ஒரு பக்கம் ஆறோ பாறைச் சரிவோ இருந்து அங்கே வேலி தேவையில்லை என்றால், வேலி மூடாமல் நிற்கிறது. விரல் கணக்குக்குத் திரும்புங்கள். 250க்கு 180 நிலத்தில் ஒரு நீளப் பக்கம் ஆறு என்றால் 18, 25, 18 சேர்ந்து 61 இடைவெளி, 62 கால். அதே இடத்தில் ஆறுக்குப் பதில் ஒரு மதில் இருந்து, வேலியின் இரண்டு முனைகளையும் மதிலிலேயே கட்டிவிடலாம் என்றால் முனைக்கால் இரண்டும் வேண்டாம், 60 போதும். இடைவெளியோடு ஒன்று கூட்டுவதா, அப்படியே விடுவதா, ஒன்று கழிப்பதா என்பதை முனைகள் சொல்லும். அந்த முனையில் கால் நிற்கிறதா, அது புதிய காலா, ஏற்கெனவே எண்ணியதா என்று மட்டும் பாருங்கள்.

நிலத்தைக் குறுக்கே பிரிக்கும்போதுதான் நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். அதே 250க்கு 180 நிலம், ஒரு மூலையிலிருந்து 120 அடியில் குறுக்கு வேலி. நீளம் 180 அடி, இடைவெளி 18. அதன் இரண்டு முனைகளும் ஏற்கெனவே நிற்கும் கால்களில் போய்ச் சேர்வதால் புதிதாக 17 கால் போதும். மொத்தம் 103. ஆனால் 'சரிபாதியாகப் பிரி' என்று சொல்லி 125 அடியில் குறுக்கு வேலி போட்டால் என்ன ஆகும்? 125 அடியில் கால் இல்லை, 120இலும் 130இலும்தான் இருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கால் கூடுதலாக வேண்டும், மொத்தம் 105. பிரிக்கும் இடத்தை ஐந்தடி நகர்த்தினால் இரண்டு கால் மிச்சம்.

முனைகளை மதிலில் கட்டும் வேலியைத் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா இடைவெளிகளையும் எண்ணுங்கள், கேட் உட்பட. வேலியால் முழுவதும் அடைபட்ட பகுதிகள் எத்தனை என்று எண்ணுங்கள். இடைவெளியில் அடைப்பைக் கழித்து ஒன்று கூட்டினால் கால். நேர்க்கோட்டு வேலியில் அடைப்பு எதுவும் இல்லை, எனவே இடைவெளியோடு ஒன்று. சுற்றுவேலியில் அடைப்பு ஒன்று, எனவே கால் இடைவெளிக்குச் சமம். குறுக்கு வேலி போட்டதில் இடைவெளி 86ம் 18ம் சேர்த்து 104, அடைப்பு 2, கால் 103. இன்னும் ஒரு வேலியை நீளவாக்கில், 90 அடியில் போட்டு நான்காகப் பிரித்தால் இடைவெளி 129, அடைப்பு 4, கால் 126. நடுவில் இரண்டு வேலிகளும் வெட்டிக்கொள்ளும் கால், சுற்றுவேலியில் சேரும் முனைக்கால் எதையும் தனியாக நினைவு வைக்க வேண்டாம், விதியே பார்த்துக்கொள்ளும். 18ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர் பன்முகப் பொருள்களின் முனை, விளிம்பு, முகம் மூன்றையும் இணைத்துச் சொன்ன சமன்பாடுதான் இது, வயலில் இறங்கி நிற்கிறது. ஒரே நிபந்தனை, வேலி முழுவதும் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும். உள்ளே தனியாக ஒரு கன்றுப் பட்டி இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

"ஏக்கருக்கு எத்தனை கால் ஆகும்?" என்றும் பலர் கேட்பார்கள். அதற்கு ஒற்றை விடை கிடையாது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் பக்கம் ஏறக்குறைய 208.7 அடி, பக்கத்துக்கு 21 இடைவெளி, மொத்தம் 84 கால். அதே ஏக்கர் 100 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் நீளம் 435.6 அடி, 10ம் 44ம் சேர்ந்து 54, இரட்டித்தால் 108 கால். பரப்பு ஒன்றே, கால் 24 கூடுதல். வேலி பரப்பைப் பார்ப்பதில்லை, விளிம்பைத்தான் பார்க்கும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பத்தடி என்றால் எங்கிருந்து எங்கே? ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவரை என்று எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் பொருந்தும். ஆனால் பத்தடிச் சட்டங்களைக் கால்களுக்கு நடுவே மாட்டுவதாக இருந்தால் காலின் தடிமனும் நீளத்தில் சேரும். அரையடித் தடிமன், 20 சட்டம் என்றால் 21 காலுக்குப் பத்தரை அடி போய்விடும். வேலி 200 அடி அல்ல, 210 அடி 6 அங்குலம். மேடு பள்ளமான நிலத்தில் வரைபடத்து நீளத்தை நம்பாதீர்கள். நான்கடிக்கு ஓரடி ஏறும் சரிவில், வரைபடத்தில் 1,000 அடி என்பது தரையோடு அளந்தால் 1,031 அடி. லேசான சரிவில், பத்தடிக்கு ஓரடி என்றால், ஆயிரத்துக்கு ஐந்தடிதான் கூடும், விட்டுவிடலாம்.

பத்தடி இடைவெளிதான் வேண்டுமா என்று கேட்டால், முள்கம்பிக்கு 8 முதல் 12 அடி வரை வைப்பது வழக்கம். இதே 250க்கு 180 நிலத்தில் 12 அடியை வரம்பாக வைத்தால் 21ம் 15ம், ஆக 72 கால். 8 அடி என்றால் 32ம் 23ம், ஆக 110. இரண்டடி குறைத்ததற்கு 86இலிருந்து 24 கால் ஏறுகிறது. மாடு உரசும் பக்கம், வழித்தடத்தை ஒட்டிய பக்கம் இவற்றுக்கு மட்டும் நெருக்கி, மற்ற பக்கங்களைத் தாராளமாக விடுவதுதான் என் கட்சி. பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவதால் இது சுலபம்.

கால் சாயாமல் சாய்வாக முட்டுக் கொடுக்கும் முட்டுக்கால்களை இந்த எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அது வேறு. மூலைக்கால் இரண்டு திசையிலும் இழுபடுவதால் இரண்டு முட்டு, கேட்டின் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டு. நான்கு மூலை, ஒரு கேட் என்றால் 8ம் 2ம் சேர்ந்து 10. நீண்ட பக்கத்தின் நடுவிலும் ஓரிரு கால்களுக்கு முட்டுக் கொடுத்தால் கம்பி தொய்யாது. அப்புறம், நூறு காலுக்கு மூன்று நான்கு கூடுதலாக வாங்கி வையுங்கள். இறக்கும்போது ஒன்றிரண்டு உடையாமல் இருந்தது இல்லை.

குழிக்கு அடையாளம் போடும்போது ஒரு குச்சியை 9 அடி பத்தரை அங்குலத்துக்கு வெட்டி அதையே புரட்டிப் புரட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் பிசகினால் 25 இடைவெளியில் ஓரடிக்கு மேல் தள்ளிப் போகும். இரண்டு மூலைக்கும் நடுவே கயிற்றை இழுத்துக் கட்டி, டேப்பை மூலையிலிருந்தே நீட்டி, 9.88, 19.76, 29.64 என்று தொடக்கத்திலிருந்து வரும் தூரத்தை எழுதிக்கொண்டு குறியுங்கள். டேப் எட்டாவிட்டால், எட்டிய கடைசிக் குறியிலிருந்து மீண்டும் தொடங்கலாம். அப்படி மாறுவது இரண்டு மூன்று தடவைக்குள் இருக்கட்டும்.

எல்லாப் புள்ளியும் போட்ட பிறகு, ஒரு குழிகூடத் தோண்டாமல், சுற்றி நடந்து எண்ணிப் பாருங்கள். 247க்கு 183 நிலத்தில் 88 வர வேண்டும். 89 வந்தால் பதற வேண்டாம், தொடங்கிய மூலையை முடிக்கும்போது மறுபடி எண்ணியிருப்பீர்கள்.